காய்ச்சலுக்கு எந்த ஊர்?

கேள்வி: சித்தூர்க் காய்ச்சலுக்கும் டில்லிக்கும் என்ன சம்பந்தம்? (சித்தூர் வாசகர்)

பதில்: வைத்தியமும் கொசு ஒழிப்பும் ஆந்திர அரசின் வேலை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆவது இனம். காலையில் பஸ் ஏறி, வேலூரில் வேலையை முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஊருக்கு அந்த 29 ரொம்ப அவசியம்.

கேள்வி: நாங்கள் பலமநேர். அப்பாவை டெங்குவுக்காக வேலூரில் சேர்த்திருக்கிறோம். அவர் எந்த மாவட்டக் கணக்கு? (பலமநேர் வாசகி)

பதில்: முதலில் அப்பா நல்லபடியாக வீடு திரும்பட்டும். பதிவு செய்வது ஆஸ்பத்திரி. ஆனால் கொசு முட்டையிட்ட தொட்டி உங்கள் தெருவில் இருந்தால், வேலூரில் எவ்வளவு புகை அடித்து என்ன பயன்? முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மொத்த எண்ணிக்கைதான் மேலே போகும். 2021 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த ஐ.எச்.ஐ.பி. என்ற ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் ஒவ்வொரு நோயாளியையும் விலாசத்தோடு பதிய வழி இருக்கிறது. அதனால் சீட்டுப் போடும்போது தங்கியிருக்கும் லாட்ஜ் விலாசத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பலமநேர் வீட்டு விலாசத்தைத் தெருப் பெயரோடு சொல்லுங்கள். டி.எம்.ஹெச்.ஓ. (மாவட்ட மருத்துவ, சுகாதார அதிகாரி) ஆபீஸ் ஆட்கள் வந்து தொட்டியைக் கவிழ்க்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: வீட்டுக்கு வரும் ஏ.என்.எம். நர்ஸ் அக்கா எஸ், பி, எல் படிவம் என்கிறாரே? (புத்தூர் வாசகர்)

பதில்: எஸ், அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதும் அறிகுறி. பி, டாக்டரின் சந்தேகம். எல், லேப் முடிவு. ஒரே தெருவில் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், எல் வரும்வரை காத்திருக்காமல் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அக்கா வந்தால் உட்காரவைத்து விவரம் சொல்லுங்கள்.

கேள்வி: திருமலை போய்வந்த சென்னைக்காரருக்குச் சென்னை திரும்பியதும் காய்ச்சல். திருப்பதிக்குச் சொல்வது யார்? (திருப்பதி வாசகர்)

பதில்: சென்னை, தமிழக நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குச் சொல்லும். மாநிலங்களை இணைப்பது டில்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். அங்கிருந்து ஆந்திரா, பிறகு திருப்பதி மாவட்டம். “போன வாரம் எங்கே போனீர்கள்?” என்று சென்னை டாக்டர் கேட்டால்தான் இந்தச் சங்கிலியே நகரும்.

கேள்வி: எல்லாம் டில்லி யோசனைதானா? (நகரி வாசகர்)

பதில்: இல்லை. மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது 2004-இல். 1980-களிலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழு வடார்க்காடு மாவட்டத்தில் இதைச் செய்து காட்டியது. அச்சிட்ட அஞ்சலட்டையில் டாக்டர்கள் நோயைக் குறித்துத் தபாலில் போட்டார்கள். மாவட்ட நிலவரம் அச்சாகி அவர்களுக்கே திரும்பி வந்தது. மேலே போகிற தகவல் அப்படிக் கீழே வருவதுதான் இன்றும் போதவில்லை. 1911 வரை சித்தூரும் அதே வடார்க்காடுதான்!

கேள்வி: தனியார் கிளினிக்குகள்? (ஸ்ரீகாளஹஸ்தி வாசகி)

பதில்: காசநோயை அறிவிப்பது 2012 முதல் அவர்களுக்கும் கட்டாயம். மற்ற காய்ச்சல்களிலும் அதே கண்டிப்பு வேண்டும். நம்மில் பலர் முதலில் ஓடுவது அங்கேதானே.