டார்க் எவ்வளவு, தம்பி?

பைக் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே ஏசிக் காற்றோடு சேர்ந்து ஒரு தம்பியும் நம் மேல் வந்து மோதுவார். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் கம்பெனிச் சின்னம், கையில் டேப். “வெல்கம் சார். ஃபுல் கேஷா, லோனா?” எந்த வண்டி என்பதெல்லாம் அப்புறம்.

போன தீபாவளிக்கு ஃபிரிட்ஜ் விற்றவர்; அதற்கு முன் மொபைல். ஃபிரிட்ஜுக்கு லிட்டர், மொபைலுக்கு ஜிபி, பைக்குக்கு சிசி என்பது வரை தெளிவாகவே இருக்கிறார். அதைத் தாண்டிக் காலை வைத்தால்தான் வழுக்கல். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து ஸ்பார்க் பிளக்கைத் தானே கழற்றித் துடைத்துப் பழகிய பெரியவர் யாராவது இவரிடம் வந்து மாட்டுவார்.

“டார்க் எவ்வளவு, தம்பி?”

“டார்க் புளூ ஸ்டாக் இல்ல சார். டார்க் கிரே ரெண்டு நிக்குது.”

“அது இல்லப்பா... ஏபிஎஸ் டூயல் சேனலா?”

“டூயல் டோனே இருக்கு சார். கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்.”

“சரி, என்ன ஆயில்? எவ்வளவு பிடிக்கும்?”

“அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துப்பாங்க சார். நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?”

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் கட்டாயமாகி, எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அது முன்சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்பது ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. தம்பிக்கு அது மட்கார்டில் ஒட்டிய ஸ்டிக்கர்.

அதற்காக அவரை விவரமில்லாதவர் என்று எடைபோட்டுவிடாதீர்கள். முன்பணம் இவ்வளவு கட்டினால் மாதத் தவணை எவ்வளவு என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்வார். உங்கள் சிபில் ஸ்கோரை உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு முன்பே தெரிந்துகொள்வார். டெலிவரிக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னால், “பத்தரை டு பன்னெண்டு ராகுகாலம் சார், ஒம்பதரைக்கே வந்துடுங்க” என்பார். ஏழு நாள் ராகுகாலமும் மனப்பாடம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் மாலை, ஆளுயர அட்டைச் சாவியோடு குடும்பப் போட்டோ என்று எதிலும் குறை வைக்கமாட்டார். டேங்கில் மட்டும் அடுத்த பங்க் வரை போகும் பெட்ரோல்.

அவருடைய திறமை முழுதாக வெளிப்படுவது கொட்டேஷன் தாளில். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தம்பியின் தாளில் அந்தத் தடுப்பு ‘சாரி கார்டு’ என்று தனி வரியில், தனி விலையோடு நிற்கும். வண்டியோடு தரவேண்டிய ஹெல்மெட்டுக்கும் இன்னொரு வரி. இன்ஷூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்கிறேன் என்றால் முகம் வாடும். “போடலாம் சார், ஆனா டெலிவரி லேட்டாகும்” என்பார், அதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்போல.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. லோன் முடித்தால் இன்சென்டிவ், இன்ஷூரன்ஸ் போட்டால் இன்சென்டிவ். ஆயில் கிரேடு தெரிந்ததற்காக யாருக்கும் பத்து பைசா கிடைத்ததில்லை. ஓசூரிலும் ஒரகடத்திலும் எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்த பிள்ளைகள் வண்டி பூட்டுகிறார்கள். அங்கிருந்து வண்டி லாரியேறி வந்துவிடுகிறது. விவரத்துக்குத்தான் லாரியில் இடமில்லை. நாமும்தான் என்ன கேட்கிறோம்? “எவ்வளவு குடுக்கும்?” என்று மைலேஜ் கேட்போம். அப்புறம், “சீட் கவர் ஃப்ரீயா?”

டெலிவரி முடிந்ததும் அவர் குரல் தழையும். “கம்பெனியிலிருந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து குடுத்துடுங்க. ஒம்பது குடுத்தாலும் எங்களுக்கு ஜீரோ மாதிரிதான்.” வண்டியின் அம்சங்களை விளக்கினார்களா என்று அந்தப் போனில் ஒரு கேள்வி வரும். பெரியவரும் பாவம் பார்த்துப் பத்து போடுவார்.

ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்கு அவரை வாசலில் பாருங்கள். குனிந்து செயினை விரலால் அழுத்தி, தொய்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் ஆயில் கிரேடு, மாற்ற வேண்டிய கிலோமீட்டர், டயரின் காற்றழுத்தம், டார்க் உட்பட, மடமடவென்று ஒப்பிப்பார். சொந்த வண்டியாயிற்றே! வாங்கியது எதிர்த்த ஷோரூமில். “நம்ம வண்டி எடுக்கலையா, தம்பி?” என்றால், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார்: “இங்க ஒண்ணு கேட்டா ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தெரியாது சார்.”