வழக்குக்கு யார் துரை?

1940 ஜனவரி 10. இலங்கையின் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்விட்டார். சூட்டை விசாரிக்க ஓர் ஆணைக்குழு. சூடு வாங்கிய பக்கத்தாரை விசாரிக்கக் கோர்ட்டில் தனியாக வழக்கு. பிரித்தானிய நீதி என்றால் இரண்டு கையாலும் வேலை செய்யும்.

ஆணைக்குழு முடியும்வரை வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லும்படி உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க பொலிஸ் மாஅதிபர் பேங்க்ஸைக் கேட்டார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவர்னர் கால்டிகொட்டும் பேங்க்ஸ் பக்கமே சாய்ந்தார். அப்போதைய டொனமூர் அரசியலமைப்பு நம்மவர்களுக்கு அமைச்சர் நாற்காலி கொடுத்தது, சட்டத்துறையைக் கொடுக்கவில்லை. அது சட்டச் செயலாளர் என்ற வெள்ளைக்காரர் கையில். அரசின் பெரிய வழக்குத் தொடுநரான சட்டமா அதிபரும் அவருக்குக் கீழேதான். அமைச்சர்கள் ரோஷப்பட்டு ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். பிறகு ரோஷம் தணிந்து திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள்.

பதுளைச் சனம் ரோஷத்தை வேறு மாதிரிக் கையாண்டது. அதே ஆண்டு வேவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளிகள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதனோடு கலந்து பேசித்தான் தோட்டம் நடத்துவேன் என்று துரையே ஒத்துக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்டத் துப்பாக்கியோடு வந்த பொலிஸாரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரிட் மனு இல்லை, முத்திரைச் செலவில்லை. மே 12இல் தடையை மீறிப் பதுளையில் கூட்டம், என்.எம். பெரேரா பேசினார், பொலிஸ் வேடிக்கை பார்த்தது. கடைசியில் பொலிஸ் அடியும், பதுளை இருக்கும் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்துப்போட்ட வெள்ளமும் சேர்ந்துதான் போராட்டத்தை அடக்கின. மழைமேல் யார் வழக்குப் போடுவது?

வெள்ளைக்காரர் போய்விட்டார்; இப்போது சட்டமா அதிபரையோ பொலிஸ் மாஅதிபரையோ நியமிக்க வேண்டுமானால் அரசியலமைப்புப் பேரவை தலையாட்ட வேண்டும். 2024இல் சட்டமா அதிபர் சஞ்சய் ராஜரட்ணத்துக்கு ஜனாதிபதி ரணில் கேட்ட ஆறு மாத நீடிப்பைப் பேரவை தள்ளிவிட்டது. பொலிஸ் மாஅதிபர் பதவிக்குத் தேசபந்து தென்னக்கோனின் பெயர் வந்தபோதுதான் கூத்து. ஆதரவு 4, எதிர்ப்பு 2; இரண்டு பேர் வாக்களிக்கவேயில்லை. நாலு ஆதரவு போதவில்லை. பேரவைத் தலைவரான சபாநாயகர் அந்த இரண்டையும் எதிர்ப்பில் சேர்த்து, நாலுக்கு நாலு சமம் என்று சொல்லி, தன் வாக்கைப் போட்டு முடித்துவைத்தார். வாய் மூடியிருந்தவர்கள் எதிரியானதால் ஆதரவு வென்றது!

2024 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் தென்னக்கோன் கடமை செய்யக்கூடாதென்று இடைக்காலத் தடை போட்டது. அப்போதைய பிரதமர் தினேஷ் குணவர்தன நாடாளுமன்றத்தில் எழுந்து, பதவி காலியாகவில்லையே, பதில் ஆள் எப்படிப் போடுவது என்றார். நம் மலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளத்துக்கான அரைப்பேர்தான் போடுவார்கள். அன்று கொழும்பில், வேலையே செய்யக்கூடாத ஆளுக்கு முழுப்பேர்.