அண்ணாச்சி, கதவு!

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் ஒரு பால்காய்ப்பு. எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் பதினொரு பேர் என்னிடம் "கதவு" என்று சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கை என் மனைவியுடையது. அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை, அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வந்ததைத் தவிர.

முதல் ஆள் பைக்கில் வந்தார். பக்கத்தில் ஒட்டி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "அண்ணாச்சி, கதவு!" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று முடிவுகட்டி இன்னும் நெருங்கி வந்து, கையால் சாத்தியே காட்டினார். நாலுவழிச் சாலையில், ஒற்றைக் கையில் பைக்கை ஓட்டிக்கொண்டு, என் உயிரைக் காப்பாற்றுகிறாராம். அடுத்தது ஒரு லாரி கிளீனர், தகரத்தைத் தட்டி. அப்புறம் மினி பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த ஒரு ஆச்சி, இதற்கென்றே கண்ணைத் திறந்து சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். எடுக்காத சைடு ஸ்டாண்டு, தொங்குகிற முந்தானை, பகலில் எரிகிற ஹெட்லைட், சாத்தாத கதவு. இந்த நாலில் ஒன்று கண்ணில் பட்டால் நம்மவர்கள் சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வந்து சொல்வார்கள்.

கதவு சாத்தித்தான் இருக்கிறது ஐயா. சாத்தினால் அது அப்படித்தான் இருக்கும்.

வண்டி 1984ஆம் வருஷத்து அம்பாசடர், மார்க் 4. கதவு, முன்பக்க இடது. அதைச் சாத்த ஒரு சூட்சுமம் இருந்தது, உங்கள் வீட்டு மிக்ஸி மூடிக்கு இருக்கிற மாதிரி. கைப்பிடியை ஒரு விரல்கடை மேலே தூக்கி, பாதி வேகத்தில் தள்ளி, கீழே முழங்காலால் ஒரு அணை கொடுத்து, உள்ளே 'க்ளிக்' கேட்டதும் மூச்சுவிடாமல் கையை எடுத்துவிட வேண்டும். என் வீட்டில் எல்லாருக்கும் இது அத்துபடி. கழுகுமலை ரோட்டில் ஏறிக்கொள்ளக் கேட்ட ஒருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, பஸ்ஸிலேயே வந்துக்கிடுதேன் என்றார்.

இந்தக் கதவைச் சரிபண்ணுவது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். கதவை அகலத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீலில் ஆட்டம் தெரிந்தால் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்ற வேண்டியது அவற்றைத்தான். தூணில் இருக்கிற லாக் தகட்டைத் தொடவே கூடாது. தொங்கின கதவுக்காகத் தகட்டை இறக்குவது, மீசை கோணல் என்று மூக்கைத் திருப்புவது மாதிரி. கீலில் குற்றம் இல்லையென்றால் மட்டும் தகட்டின் பழைய இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் அரை நூல், கால் நூலாக நகர்த்திப் பார்க்கலாம். ரொம்ப உள்ளே போனால் அறைந்து சாத்தணும். ரொம்ப வெளியே வந்தால் ஓட்டத்தில் கடகடவென்று அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கு...

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் மண்ணுக்கு ஒரு குணம். கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்று ஒரு களிமண் இருக்கிறது. தண்ணீரைக் குடித்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அமிர்தம். வீடு கட்டினவனுக்கு ஆயுள் தண்டனை. ஐப்பசி மழையில் வீடு மெதுவாக எழுந்து உட்காரும், சித்திரையில் படுத்துக்கொள்ளும். வீட்டோடு நிலையும் எழுந்து படுக்கும். கதவு மட்டும் தச்சர் அறுத்த அளவிலேயே நிற்கும்.

எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாளுக்கு ரெண்டு ஓட்டை. ஒன்று மழை ஓட்டை, இன்னொன்று வெயில் ஓட்டை. ஆசாரி போட்டுக் கொடுத்தது. மாசியில் எதிலும் விழாது. அந்த மாசம் முழுக்க அம்மியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குவோம். மூன்றாவது ஓட்டை போடலாமா என்று கேட்டதற்கு ஆசாரி, "இதுக்கு மேல போட்டா அது கதவு இல்ல மொதலாளி, சல்லடை" என்றார். பூஜையறைக் கதவு ஆடியில் தானாகத் திறக்கும். அம்மன் வருகிறாள் என்று என் அம்மா கடைசிவரை நம்பினாள். குளியலறைக் கதவு எந்த மாசத்திலும் சாத்தாது. உள்ளே போனவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஓரளவு சங்கீதம் வருவது இதனால்தான். என் மைத்துனருக்குப் பாட வராது, இருமுவார். பீரோவின் ஒரு காலுக்கு அடியில் ரெண்டு தீப்பெட்டி. மழைக்காலத்தில் ஒன்றை உருவிவிடுவோம். தீப்பெட்டிக்கு இந்த ஊரில் பஞ்சமா? உருப்படியாக மூடிக்கொள்கிற ஒரே சாமான் கடலைமிட்டாய் டப்பா, அதையும் பேரன் மூடுவதில்லை. 2020இல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கையோடு கையாக எங்கள் கதவுகளுக்கும் கேட்டிருக்கலாம். இந்த மண்ணில் மட்டுமே விளைவது, வேறெங்கும் இந்தத் தரத்தில் கிடைக்காது.

இந்த மண்ணைச் சமாளிக்க ஆளில்லாமல் இல்லை. ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், இந்த மாதிரி மண்ணுக்காகவே அடியில் குடம் மாதிரி அகன்ற பைல் அஸ்திவாரத்தை வகுத்துக் கொடுத்திருக்கிறது. என் தாத்தா வானம் தோண்டினபோது அதெல்லாம் காதில் விழவில்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமோ பருத்திக்கும் சோளத்துக்கும் ரகம் ரகமாகக் கொடுத்தது. நிலைக்கு ஏற்ற மாதிரி வளர்கிற வேப்பமரம் ஒன்றைக் கொடுத்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பக்கத்து இடைசெவல் கி.ரா.வின் பேர்போன சிறுகதைக்குப் பெயரே 'கதவு'. அதில் பிள்ளைகள் வீட்டுக் கதவையே பஸ்ஸாக்கி ஏறி விளையாடும். அங்கே கதவு வண்டியானது. என்னிடம் வண்டியே மொத்தமாகக் கதவாகிவிட்டது.

வண்டி கரிசலில் முளைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். வங்காளத்தில் உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸை அச்சாக வைத்துச் செய்தது. அந்தத் தொழிற்சாலையில் 2014 மே மாசம் வேலை நின்றது. 2017இல் அம்பாசடர் என்கிற பெயரை மட்டும் பிரான்சுக்காரர்களின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கு! பெயரில் கதவு கிடையாது, அதனால்தான் அந்த விலை.

என் கதவு கெட்டது சித்திரையில், என் கையால். மழைத்தண்ணி உள்ளே வருகிறதே என்று மதுரையிலிருந்து புது பீடிங் ரப்பர் வாங்கி நானே ஒட்டினேன். பழையதைவிட அது ரெண்டு நூல் தடிமன் என்பது ஒட்டின பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கதவு முதல் கொக்கியோடு நிற்க ஆரம்பித்தது. பீடிங்கைப் பிய்த்திருந்தால் கதை முடிந்தது. காசு கொடுத்து வாங்கினதை யார் பிய்ப்பது? தகட்டை நகர்த்தக் கிளம்பினேன்.

திருகைத் தளர்த்த வேண்டும், கழற்றக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன் இல்லையா, அது அன்றைக்குக் கற்றது. திருகுகள் தூணுக்கு உள்ளே மறையிட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைசித் திருகு கையோடு வந்ததும் அது தூணுக்குள் 'டணங்' என்று விழுந்தது. காந்தம் விட்டுப் பார்த்தேன், கம்பி விட்டுப் பார்த்தேன். மைத்துனர் இருமிக்கொண்டே, "அத்தான், வண்டிய அப்படியே கவுத்துப் பாத்தா?" என்றார். டிங்கர் பையன் வந்து கதவைப் பார்க்கவில்லை, ரப்பரைத்தான் அமுக்கிப் பார்த்தான். "இத ஒட்டினது யாரு அண்ணாச்சி?" என்றான். வேறொரு மெக்கானிக் என்று சொன்னேன். "அவன்கிட்ட இனிமே போகாதீங்க" என்றான். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரும்புத் துண்டுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறானாம், மூணு வாரமாகிறது.

தகடு போன பிறகு சூட்சுமத்துக்கும் வழியில்லை. நேற்று ஒரு சாவு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு பக்கக் கைப்பிடியிலிருந்து மறுபக்கக் கைப்பிடிக்கு, உள்ளாகவே, கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினேன். கதவு அப்படியே கவ்விக்கொண்டது. முன் பக்கம் எதுவும் திறக்காது, பின்சீட்டு வழியாக ஏறித் தாண்டி வர வேண்டும், அவ்வளவுதான். பைபாஸைத் தொடவில்லை, ஒரு பைக் பக்கத்தில் வந்தது. கண்ணாடியைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, கயிறு தொங்குது!"