காது வைத்தியர்

பானெட்டைத் திறந்தால் போதும், எந்த மாடியிலிருந்தாவது இறங்கி வந்துவிடுவார். கைலியை மடித்துக் கட்டியபடி, "என்ன தம்பி, நின்னுடுச்சா?" என்பார். கேட்கிற குரலில் கவலையைவிடச் சந்தோஷம்தான் தூக்கலாக இருக்கும்.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது ஆஃப் ஆகுது சார். அரை மணி நேரம் சும்மா விட்டா, தானா ஸ்டார்ட் ஆகுது."

அதற்குமேல் நம்மைப் பேச விடமாட்டார். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். "ஸ்டார்ட் பண்ணு. ரேஸ் பண்ணு. இன்னும். இன்னும்... விடு." கண் மூடும். தம்புராவில் சுருதி சேர்கிறதா என்று பார்க்கும் பாகவதர்போலத் தலை மெல்லச் சாயும். மூன்றாம் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறைப்பு. பிறகு "மறுபடி ரேஸ் பண்ணு" என்று ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோல் புகையாகிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஸ்குரூ டிரைவர் கட்டம். நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, மரக்கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். இதை நான் கேலி செய்யவில்லை. பேரிங் போயிருக்கிறதா, டேப்பெட் தட்டுகிறதா என்று பழைய மெக்கானிக்குகள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் நம் வண்டிக்கு வந்த நோயே சத்தம் போடாமல் அடங்கிப்போவதுதான். நன்றாக ஓடும்போது காதை வைத்து என்ன கேட்கப்போகிறார்? ஒருமுறை வடபழனி சிக்னலில் கத்திரி வெயிலில் வண்டி நின்றுபோனது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். இவர் செத்துக் கிடக்கிற இன்ஜின்மேல் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "கார்புரேட்டர்!" பக்கத்து ஃபிளாட் பையனின் கார் எம்.பி.எஃப்.ஐ. வகை. "இதுல கார்புரேட்டரே கிடையாது சார்" என்றான் பாவம். "அதான் கோளாறே!" என்றார்.

அம்பாசிடர் கதைகளும் உண்டு. ஆபீஸ் வண்டியில் மலை ஏறும்போது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுமாம். ஆவியைப் பம்பு இழுக்காது. ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்தால் வண்டி கிளம்பிவிடுமாம். எல்லாம் நிஜம்தான். அந்த மலை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயர்ந்துவிடும், அவ்வளவுதான்.

மழையில் நின்ற வண்டியை, முட்டிவலியையும் பாராமல், தெருமுனைவரை தள்ளிக்கொடுத்த மனிதர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆத்திரம் தீரவில்லை. இவர் காதை நம்பி கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். ஜெட் மாற்றினோம். "காயில் சூடாகுது, சத்தத்துலயே தெரியுது" என்றதும் காயில் மாற்றினோம். பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் போயின. கழற்றிப் போட்டதில் ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை. வண்டிச்செலவு என்று வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியவன் நான். இவர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

கடைசியில், பட்டறைப் பையன் ஒருவன், "ஓடும்போது பார்த்து என்னண்ணே தெரியும்? நிக்கும்போது போன் பண்ணுங்க" என்றான். நின்றது; வந்தான். பிளக் ஒயரைக் கழற்றி, பொறி வருகிறதா என்று பார்த்தான். பளிச்சென்று வந்தது. அப்படியானால் காயில், பாயிண்ட் பேச்சே வேண்டாம், பெட்ரோல்தான் வரவில்லை என்றான். நேரே வண்டியின் பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினான். 'உஸ்ஸ்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி காற்று உள்ளே போனது. மூடியில் காற்று நுழைகிற பொடித்துளை தூசியில் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க முடியாமல் வண்டி நின்றிருக்கிறது. கொஞ்சநேரம் விட்டால் எங்கிருந்தாவது காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். எரிச்சல் என்னவென்றால், இந்த வண்டியின் கோளாறில் காதால் கேட்கக்கூடியது அந்த ஒரு சத்தம்தான். இவரோ ஒருநாளும் பானெட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனதில்லை.

புது மூடி போட்டதிலிருந்து வண்டி நிற்கவில்லை. விஷயம் தெரிந்து இறங்கி வந்தார். "முதல் நாளே சொன்னேனே தம்பி, வண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு." பழைய மூடியைக் கேட்டு வாங்கினார். காதருகே கொண்டுபோய் இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

"போச்சு" என்றார்.