பெட்ரோல் வேண்டாத கார்

எங்கள் காருக்குப் பெட்ரோல் போடப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் கூட வர மாட்டார்கள். மனைவிக்கு அன்றைக்குப் பார்த்துத் தலைவலி வரும். பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தாலும்.

பழைய வண்டிதான். ஆனால் ஸ்டார்ட் ஆகும், ஏசி குளிரும், திருச்சியில் ஓட்டுவதற்கு எல்லாவற்றையும் விட முக்கியமான ஹாரன் அருமையாக அடிக்கும். பெட்ரோலை மட்டும் உள்ளே வாங்காது. நாசிலைச் செருகி அழுத்தினால் கொஞ்சம் இறங்கும், உடனே 'டக்'. மறுபடி அழுத்தினால் மறுபடியும் 'டக்'. மாமியார் சாதக்கரண்டியோடு வரும்போதே இலைக்குக் குறுக்கே கையை நீட்டும் புது மாப்பிள்ளை மாதிரி. மாப்பிள்ளையைப் போலவே இதற்கும் உள்ளே நல்ல பசிதான். முள் அடியில் படுத்திருக்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

என் வண்டி ரோட்டிலிருந்து திரும்புவதைப் பார்த்ததுமே பங்க்கில் நிற்கிற தம்பிகளுக்கு டூவீலர்க்காரர்கள் மீது திடீர்ப் பாசம் வந்துவிடும். மாட்டுவது யாராவது புதிதாகச் சேர்ந்தவர்தான். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று தெம்பாக ஆரம்பிப்பார். நாற்பது ரூபாய்க்கு வருவதற்குள் அந்தத் தெம்பு போய்விடும். "வண்டி ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்பார், ஏதோ நான் வீட்டிலேயே ஊட்டிவிட்டுக் கூட்டி வந்த மாதிரி.

அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். "நாசிலைத் தலைகீழாப் பிடிப்பா." "பாதி வெளியே இழு." "ஏர் லாக்கா இருக்கும், ஒரு ஆட்டு ஆட்டுங்க." வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் யாரையும் கேட்காமல் டிக்கியைப் பிடித்து அமுக்கி அமுக்கி எடுத்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. தலைகீழாகப் பிடித்து நூல் மாதிரி விடுவது ஓரளவு பலிக்கும். ஆனால் ஐநூறு ரூபாய்க்கு அப்படி விட்டு முடிப்பதற்குள் பின்னால் ஹாரன் கச்சேரியே நடந்து முடிந்துவிடும்.

500 என்று முழுசாகக் கேட்டால் அளவில் விளையாடிவிடுவார்கள் என்று நம்பி 510, 520 என்று கேட்கிற ஆட்கள் நம் ஊரில் உண்டு. எனக்கு அந்தக் கவலையே இல்லை. எங்கே 'டக்' விழுகிறதோ அங்கே கணக்கு நிற்கும். 137 ரூபாய் 40 காசு என்று பில் வாங்கியவனை எந்த மெஷின் ஏமாற்ற முடியும்?

இப்போது வருகிற கார்களில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில், மூடி எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986இல் சொன்ன யோசனை அது. மாற்றிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மழையில் நனைந்தாராம். புண்ணியவான். ஆனால் அம்பு பக்கத்தைத்தான் காட்டும். உள்ளே போகுமா என்பதற்கு அது பொறுப்பில்லை.

இந்தக் கோளாறால் லாபம் அடைந்த ஒரே ஆள் என் மச்சினன். வண்டியை அடிக்கடி வாங்கிக்கொண்டு போவான். காலி டேங்கோடு திரும்ப வந்து, "போடலாம்னுதான் போனேன் மாமா, உங்க வண்டி வாங்க மாட்டேங்குது" என்று சாவியைக் கொடுப்பான். மறுத்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது?

டேங்குக்குள் பெட்ரோல் போகும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வேண்டும். அதற்குப் பெரிய குழாயை ஒட்டியே ஒரு சின்ன டியூப் உண்டு. அது அடைத்துக்கொண்டால் காற்று பெட்ரோல் வருகிற வழியிலேயே எதிர்த்து வரும், நுரை பொங்கும். நாசில் முனையில் ஒரு துளை இருக்கிறது. அதை நுரை மூடியதும் டேங்க் நிரம்பிவிட்டதென்று நினைத்து அது தானே நின்றுவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒரு மஞ்சள் சிலந்தி மாஸ்டா6 கார்களின் காற்றுக் குழாயில் கூடு கட்டி, டேங்கில் விரிசல் விழலாம் என்ற நிலைமையாகி, 2011இல் கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்தது. சிலந்தி நுழையாமலிருக்க ஸ்பிரிங் வைத்தார்கள். அதையும் மீறிச் சிலந்தி வர, 2014இல் மறுபடியும் அழைத்தார்கள்.

நம் வண்டிக்கும் அப்படியொரு கௌரவமான காரணம் இருக்கும் என்று ஆசையோடு மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "சிலந்தியும் இல்ல, பல்லியும் இல்ல சார். டியூபு மடங்கிக் கிடக்கு" என்றார். பழைய ரப்பரைக் கழற்றிக் காட்டினார். நடுவில் நசுங்கி, விரலால் அமுக்கினாலும் நிமிரவில்லை. புதுசு மாட்டினார்.

அன்றைக்குத்தான் "டேங்க் ஃபுல்" என்று சொன்னேன். ஒரு 'டக்' கூட இல்லாமல் மடமடவென்று போனது. மூவாயிரத்தைத் தாண்டி மீட்டர் ஓடும்போது, பழைய கோளாறில் ஒரு சிக்கனம் இருந்திருக்கிறது என்று பட்டது.

அந்த வாரமே மச்சினன் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்விட்டு வந்தான். சாவியைக் கொடுத்தான். முள் அடியில் படுத்திருந்தது.

"வண்டியை ரெடி பண்ணியாச்சே மாப்ள, இப்போ நல்லா வாங்குதே."

"அப்படியா மாமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எங்கே போட்டா மறுபடி கெட்டுடுமோன்னு நான் பங்க் பக்கமே போகலையே."