சாமியே வரன் கொண்டாந்தாலும் விசாரி

வா பாப்பா, இப்படித் திண்ணையில உக்காரு. செல்லை அணைச்சுடாதே, அதுக்குள்ளதானே மாப்பிள்ளைங்க வரிசை கட்டி நிக்கிறாங்க? உங்கம்மா காலையிலேர்ந்து விரலால தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டிருக்கா. மாட்டுச் சந்தையில நான் இவ்ளோ வேகமா ஒரு மாட்டையும் தாண்டிப் போனதில்ல. சுழி பார்ப்போம், பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், ஏர்ல பூட்டி ரெண்டு சால் ஓட்டிப் பார்ப்போம். துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசறதெல்லாம் அதுக்கப்புறம்தான். இதுல என்னடான்னா மொதல் வரியிலயே விலை வருது, வருஷத்துக்கு இத்தனை லட்சம்னு. பல்லு போட்டோவுல பளிச்சுன்னு தெரியுது. ஏர்ல பூட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்ல.

பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டாராமே. தினம், கணம், யோனி, ரஜ்ஜு எல்லாம் சரியாம். சந்தோஷம். ஆனா அவன் நட்சத்திரமும் உன் நட்சத்திரமும் கீழ எறங்கி வந்து ராத்திரி பாத்திரம் கழுவப் போறதில்லம்மா. அதுங்க மேலயே இருக்கும், ஒத்துமையா.

டீக்கடை பெஞ்சுல என் பக்கத்துல உக்கார்ற ரிட்டையர் தமிழ் வாத்தியார்கிட்ட இந்தப் பத்துப் பொருத்தத்தைச் சொன்னேன். மனுஷன் கிளாஸைக் கீழ வெச்சுட்டார். "பெரியவரே, தொல்காப்பியரும் பத்துப் பொருத்தம் சொல்லியிருக்கார், தெரியுமா?"ன்னார். எனக்கு எங்க தெரியும்? நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ், அதுவும் வாத்தியார் வராத நாள்தான் ஜாஸ்தி. மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதியாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்திருக்க வேண்டியது பிறப்பு, குடிமை, வயசு, உருவம், அருள், உணர்வு, செல்வம்னு இந்த மாதிரி மொத்தம் பத்தாம். "அதுல நம்ம ஜனங்களுக்கு மொத ரெண்டும் கடைசி ஒண்ணும்தான் மனப்பாடம். நடுவுல கிடக்கிற அருளும் உணர்வும் பயோடேட்டாவுல ஏறவே இல்ல"ன்னு சிரிச்சார்.

பயோடேட்டான்னு அவர் வாயில வந்ததும் நான் விடல. "ஏன் சார், 1916-ல தனித்தமிழ் இயக்கம் ஆரம்பிச்சு, வேதாசலம்ங்கிற தன் பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்ட பெரியவர் பேருல இருக்கிற ஊருல உக்காந்துக்கிட்டு பயோடேட்டாவா?"ன்னு கேட்டேன். அவர் டீக்குக் காசு குடுத்துட்டார். எனக்கும் சேர்த்து.

விஷயம் அது இல்ல. பத்து ஒத்திருக்கணும்னு சொன்ன கையோட தொல்காப்பியர் இன்னொரு பட்டியல் போட்டிருக்காராம், இதெல்லாம் இருக்கவே கூடாதுன்னு. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியந்துக்கறது, புறம் பேசறது, வன்சொல், சோம்பல், அப்புறம், காதைக் குடு, தன் குடிப்பெருமையைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறது. குடிமை ஒத்திருக்கட்டும்னு அங்க சொன்னவரே, அதை வெச்சு மீசை முறுக்காதேன்னு இங்க சொல்லிட்டார் பாரு! உங்க பெரியப்பன் தரகர் முன்னாடி உக்காந்து நம்ம வம்சத்தைப் பத்தி முக்கா மணி நேரம் பேசினானே, அப்ப எனக்கு இது தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வாத்தியாரைக் கூட்டியாந்து எதிர்ல உக்கார வெச்சிருப்பேன்.

நான் சொல்றது, உங்கம்மா அந்த மொதப் பட்டியலை வெச்சுக்கட்டும். நீ ரெண்டாவதை எடுத்துக்கோ. ஓட்டல்ல சந்திக்கப் போறீங்களாமே? அவன் தன்னைப் பத்திச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் தோசை ஆறிப்போச்சுன்னா, வியப்பு. போன கம்பெனி மேனேஜரு மட்டம், கூடப் பொறந்த அக்கா பேராசைக்காரி, அத்தை வாயாடின்னு மொத நாளே உன் மனசைக் குளிர வைக்கப் பேசினான்னா, புறமொழி. அடுத்த பந்தியில இலை உன்னுதும்மா. உன் பேச்சை இன்னொருத்தர்கிட்ட பேசுவான்.

சிரிக்காதே, பட்டியல் உனக்கும்தான். மடிமைன்னா சோம்பலாம். ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு எழுந்து, போர்வையை விலக்காமலே காபி கேக்கிற ஆளைத் தொல்காப்பியர் எங்கயோ பார்த்திருக்கார்.

சம்பளத்தை நான் வேணாம்னு சொல்லல. சோறு வேணுமில்ல? ஆனா நம்ம ஊர்க்காரங்க சம்பளத்தை நம்பலாமா, நீயே சொல்லு. ஒரு காலத்துல மறைமலை நகர்ல கம்பெனி மாப்பிள்ளைன்னா பொண்ணு வீட்டுல சோபாவுக்கே புதுத் துணி போடுவாங்க. ஃபோர்டு வந்தது தொண்ணூறுகள்ல. 2021 செப்டம்பர்ல, இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. மறுவருஷம் இங்க கடைசி வண்டியும் வெளிய வந்தாச்சு. கம்பெனிகள் வரும், போகும், அது அவங்க கணக்கு. எனக்குத் தெரிஞ்சு வேலை போன பசங்க ரெண்டு பேர். ஜாதகம் எழுதினா ஒரே மாதிரி இருக்கும், படிப்பு, சம்பளம், நிறம் எல்லாம். ஒருத்தன், பொண்டாட்டி வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சுப் போட்ட சோத்தையே தின்னுக்கிட்டு, "ஆபீஸ்ல யாரோட அவ்ளோ நேரம் பேச்சு?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தான். இன்னொருத்தன் வெட் கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைச்சான். பொண்டாட்டி ஸ்கூட்டர்ல முன்னாடி, இவன் பின்னாடி மாவுப் பையை மடியில கட்டிக்கிட்டு, கடை கடையாப் போனாங்க. மாவு தெறிச்சு மீசை வெளுத்திருக்கும். "என்னடா மாப்பிள்ளை, அதுக்குள்ள நரைச்சிருச்சா?"ன்னு நான் கேட்டா, "மாவு தாத்தா, துடைச்சாப் போயிடும்"பான். கோடையில ஏரியைப் பாத்தா எல்லாக் கரையும் பலமாத்தான் தெரியும். ஐப்பசியில தண்ணி முட்டும்போது பாக்கணும்.

அதுக்கு ஐப்பசி வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா செங்கல்பட்டு - பீச் மின்சார ரயில் இருக்கவே இருக்கு. காலையில எட்டு மணிக்கு அவனை ஏத்திவிடு. நீயும் லேடீஸ் பெட்டிக்குப் போகாம அதே பெட்டியில ஏறு. சீட்டு மூணு பேருக்குன்னு அடிச்சது. காட்டாங்கொளத்தூர், பொத்தேரி வரைக்கும் மூணு பேரும் ராஜா மாதிரி இருப்பாங்க. கூடுவாஞ்சேரியில திமுதிமுன்னு ஏறும். அப்ப யாரோ ஒருத்தர், கையில பூக்கூடையோ ஆஸ்பத்திரிப் பையோ வெச்சுக்கிட்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்"ம்பாங்க. அங்க பாரு அவனை. ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கற மாதிரி கண்ணை மூடறவன் இருக்கான். தள்ளற மாதிரி உடம்பை அசைச்சுட்டு அதே எடத்துல இருக்கிறவன் இருக்கான், அவன்தான் ரொம்ப ஆபத்து, கல்யாணத்துக்கப்புறம் எல்லாத்துக்கும் "சரி, சரி"ம்பான். எழுந்து நின்னு எடம் விடறவனையும் உடனே நம்பிடாதே, உன்னைப் பாத்துக்கிட்டே எழுந்தானான்னு கவனி. சத்தமில்லாம நாலு விரக்கடை ஒதுங்கி, பையை மடியில வெச்சுக்கிட்டு, ஒதுங்கினதையே மறந்துட்டு வெளிய வேடிக்கை பாக்கிறான்னா, அவன் போன் நம்பரை எனக்குக் குடு.

சரி, சாமிகிட்ட விட்டுடலாம்ங்கிறாளா உங்கம்மா? திருவிடந்தைக்குப் போய் நித்ய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒரு மாலையைக் கழுத்துல வாங்கிப் போட்டுக்கிட்டு ஒம்பது சுத்து சுத்தணுமாம். போயிட்டு வாங்க, கோவளம் பக்கம் காத்து நல்லா இருக்கும். அங்க பெருமாள் காலவ ரிஷியோட பொண்ணுங்க 360 பேரை நாளுக்கு ஒருத்தியாக் கட்டிக்கிட்டாராம். கடைசி நாள்ல எல்லாரையும் ஒரே பொண்ணாக்கிட்டாராம். 360 பேரோட குணத்தையும் தனித்தனியாப் பாக்க அவருக்கே தெம்பில்ல போல. ஆனா, சாமியே வரன் கொண்டாந்தாலும் விசாரிக்கணும். இதை நான் சொல்லல. சங்கிலின்னு ஒரு பொண்ணு சொன்னா.

நம்ம திருக்கச்சூர் கோயிலுக்குச் சின்ன வயசுல உன்னைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கேனே, அங்க சுந்தரர் வந்தாரு. மத்தியான வெயில், பசி, சமைக்கிற ஆளுங்க இன்னும் வந்து சேரல. சிவபெருமான் வயசான பிராமணர் வேஷத்துல வந்து, "இரு தம்பி"ன்னு சொல்லிட்டு, வீடு வீடாப் போய்ச் சோறு வாங்கியாந்து போட்டாரு. அதுக்குத்தான் விருந்திட்ட ஈஸ்வரர்னு பேரு. யோசிச்சுப் பாரு, சாமியே திருவோடு தூக்கின மாப்பிள்ளை. இதைவிடப் பெரிய சிபாரிசு எந்தத் தரகன்கிட்ட இருக்கு?

அந்த ஆளு காஞ்சிபுரம், காளத்தியெல்லாம் சுத்திட்டுத் திருவொற்றியூர் போறாரு. கோயிலுக்குப் பூக் கட்டற சங்கிலியைப் பாக்கிறாரு. அவளை எனக்குக் கட்டி வைன்னு சாமிகிட்டயே கேக்கிறாரு. சாமியும் ராத்திரி அவ கனவுல போய், "சுந்தரன்னு ஒரு பையன், நம்ம பையன்"னு எடுத்துச் சொல்றாரு. அந்தப் பொண்ணு உடனே தலையாட்டினாளா? "அவரு திருவாரூர்ல பொண்டாட்டி பரவையாரோட இருக்கிறவராச்சே"ன்னு கேட்டா பாரு! எதிர்ல நிக்கிறது பரமசிவன், அவகிட்ட இருந்தது ஒரே கேள்வி, அது சரியான கேள்வி. சாமிக்கே வேற வழியில்ல. "உன்னை விட்டுப் பிரிய மாட்டேன்னு சத்தியம் வாங்கித் தர்றேன்"னாரு.

மாப்பிள்ளை லேசுப்பட்டவரில்ல. சன்னதியில சத்தியம் பண்ணினா மாட்டிக்குவோம், அதனால, "நான் சத்தியம் பண்ற நேரம் நீங்க உள்ள இருக்காதீங்க, வெளியில மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க"ன்னு சாமியையே வெளிய அனுப்பப் பாத்தாரு. சாமி சரின்னுட்டு, நேரா சங்கிலிகிட்ட போய், "சன்னதியில வேணாம், மகிழ மரத்தடியில கேளு"ன்னு போட்டுக் குடுத்துட்டாரு. மறுநாள் தோழிங்க, "சன்னதி எதுக்கு, மரத்தடியே போதும்"னாங்க. ஐயா முழி எப்படி இருந்திருக்கும்! சத்தியம் பண்ணித்தான் ஆகணும்னு ஆச்சு. வசந்தம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினாரு, ரெண்டு கண்ணும் போச்சு. காஞ்சிபுரத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணுன்னு தவணையிலதான் திரும்பக் கிடைச்சது. இதையெல்லாம் பெரிய புராணமா எழுதின சேக்கிழாரு நம்ம குன்றத்தூர்க்காரரு. தாம்பரத்துக்கு அந்தாண்டதான். சாமியோட தோழன்ங்கிறதுக்காக மாப்பிள்ளை செஞ்சதை மறைக்கல பாரு.

என்னை எப்படிப் பாத்தாங்கன்னு கேக்கிறியா? உள்ள உங்க ஆயா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டிருக்கா, மெதுவாச் சொல்றேன். இங்க நகர் வர்றதுக்கு முன்னாடி, எல்லாம் ஏரிப் பாசனமும் வேர்க்கடலையுமா இருந்த காலம். உங்க ஆயாவோட அப்பா, வைக்கோல் வாங்க வந்தவர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு எங்க ஊருக்கு வந்தாரு, பையன் எப்படின்னு பாக்க. அன்னிக்கு நான் பொதுக் கிணத்துல ஒரு கிழவிக்குத் தண்ணி சேந்திக் குடத்துல ஊத்திக்கிட்டிருந்தேன். மனுஷன் உருகிட்டாரு. ஊருக்குப் போய், "பையன் தங்கம், கேக்காமலே உதவி பண்றான்"னாராம்.

உண்மை என்னன்னா, கிணத்துக்கு எதிர் வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு கோலத்தைத் திருத்திக்கிட்டிருந்தா. கிழவியோட குடம் எனக்கு ஒரு சாக்கு.

இதை நாப்பது வருஷம் வெளிய விடல. ஒருநாள் மனசு கேக்காம உங்க ஆயாகிட்ட சொல்லிட்டேன். திட்டுவான்னு பாத்தா, முறத்தை நிறுத்தாமலே சொன்னா:

"அது கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அந்தக் கிழவி எங்கப்பாவோட அத்தை. அப்பா வேஷம் கட்டிக்கிட்டு வந்தாரு, நான் அத்தையைத்தான் விசாரிக்கச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டே?"

"அந்தப் பொண்ணு மூணாவது குடத்துலயே உள்ள போயிட்டாளாம். நீ ஏழு குடம் சேந்தினியாமே."