ஏல அண்ணாச்சி

ஏல அண்ணாச்சி, தாமிரபரணிக் கரையில் பரவலாகக் காணப்படும் ஒரு மனித வகை. பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தியாகராஜநகர் பக்கம் அடர்த்தி அதிகம். மேற்கே அம்பாசமுத்திரம், கிழக்கே ஸ்ரீவைகுண்டம் வரை உதிரியாக உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். பிராவிடன்ட் பண்டு கைக்கு வந்த ஆண்டில் உருவாகி, மகன் தன் பழைய ஸ்மார்ட்போனைத் தள்ளிவிட்ட மாதத்தில் முழுமை பெறுகிறார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் ஓடாத கைக்கடிகாரம் நான்கு, பாடாத மர்பி ரேடியோ ஒன்று, மூடி மாறிய பேனா ஒன்று, காலணா நாணயங்கள் ஒரு தட்டு. வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: “இத என்ன வெலைக்கு எடுத்திருப்பேன்? சொல்லும் பாப்போம்.” சரியான விடை சொல்லுவது மரியாதைக் குறைவு. “தெரியலையே அண்ணாச்சி” என்பதே முறை. அவர் சொல்லும் விலை ஏலத்தில் விழுந்த விலை மட்டுமே. பொருள் வீடு வந்து சேர்ந்த கூலி அந்தக் கணக்கில் சேராது. அது வேறு நோட்டு; அந்த நோட்டு வீட்டம்மா கண்ணில் படுவதில்லை.

இவர் ஏமாளி என்று எண்ணிவிடக் கூடாது. காலையில் மார்க்கெட்டில் பார்த்தால் இவரைப் போல் விவரமான ஆள் கிடையாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்; தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்; மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, பார்த்த பிறகும் முகம் சுளிப்பார். ஆட்டோவில் ஏறுமுன் “மொத்தமா எவ்வளவு, பொறவு கூடக் கேக்கக் கூடாது” என்று பேசி முடித்துத்தான் காலை எடுத்து வைப்பார். அதே மனிதர் இரவு பதினொரு மணிக்கு, நேரில் காணாத ஒரு பொருளின் கலங்கிய படத்தைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்கு மூவாயிரம் ரூபாய் அனுப்புவார். மார்க்கெட்டில் இருந்த கண்ணும் காதும் மூக்கும் எங்கே போயின என்பதுதான் இந்த வகையைப் பற்றிய ஆய்வின் மையக் கேள்வி.

ஏலம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குளத்து மீன்பாசி, கோயில் புளியமரம், பஞ்சாயத்துத் தென்னை என எல்லாம் கூவி விடப்பட்டவையே. செவ்வாய்க்கிழமை கூடும் மேலப்பாளையம் சந்தை இன்றும் நடக்கிறது. மாட்டு வியாபாரத்தில் துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை பேசும் மறைபேரமும் இந்நாட்டு வழக்கம்தான். இவற்றிலெல்லாம் இரண்டு பாதுகாப்பு உண்டு: பொருள் கண்ணெதிரே நிற்கும், வீட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியை வாங்கியவரே பேசிக்கொள்வார்.

இந்த இரண்டையும் முதலில் அசைத்தது தபால். 1877-இல் வந்த வி.பி.பி. முறையில், தபால்காரரிடம் பணம் கட்டிய பிறகே பொட்டலம் கைக்கு வரும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது பணம் கட்டியவரின் நம்பிக்கை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்துக்கு எழுதிப் போட்டு, பொம்மைக் கடிகாரம் பெற்ற தாத்தாக்களின் கதை பல வீடுகளில் உண்டு. அந்த வகையில் ஏல அண்ணாச்சிக்கு இந்த நம்பிக்கை பரம்பரைச் சொத்து.

இணைய ஏலத்தின் பெரிய தளமான ஈபே அமெரிக்காவில் 1995-இல் தொடங்கியது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாய்ண்டர், விலை 14.83 டாலர். உடைந்ததற்கும் போட்டி போட ஆள் உண்டு என்று அன்றே நிரூபணமாகிவிட்டது. இந்தியாவில் 2000-இல் வந்த பாஸி டாட் காம் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டது. அங்கே வாங்கியவரின் பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் ‘பைசாபே’ என்ற ஏற்பாடு இருந்தது. தளம் மூடியதும் அந்த அணை போனது. ஆசை மட்டும் வற்றவில்லை. அண்ணாச்சிகள் வெளிநாட்டுத் தளங்களுக்கும், பழைய பொருள் விளம்பரத் தளங்களுக்கும், நாணயம், தபால்தலை ஏலம் விடும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் பிரிந்து போனார்கள்.

இவரை முழு வீரியத்தோடு பார்க்க வேண்டுமானால் ஏலம் முடியும் கடைசி நிமிடத்தில் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். பால் ஆறிக்கொண்டிருக்கும். பொருள், ஒரு பழைய எச்எம்டி கைக்கடிகாரம். மனத்தில் நினைத்த விலை 800 ரூபாய். போட்டியோ 1,150-இல் நிற்கிறது. “எவனோ ஒருத்தன் விடமாட்டேங்கான்” என்று முணுமுணுப்பார். இந்த நொடியில் அவர் கடிகாரம் வாங்கவில்லை; அந்த ‘எவனோ ஒருத்த’னைத் தோற்கடிக்கிறார். 1,600-இல் தோற்கடித்தும் விடுவார். அந்த ஒருத்தன் விற்பவரின் மச்சானாகக்கூட இருக்கலாம் என்பது மறுநாள் காலையில்தான் தோன்றும்.

ஆள் வைத்து விலை ஏற்றுவது பழைய சந்தைத் தந்திரம். இணையத்தில் ஏல வரலாற்றைத் திறந்து பார்த்தால் அதற்குத் துப்புக் கிடைக்கலாம். ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் விலை கேட்டு, ஒருமுறையும் ஜெயிக்காத பெயர் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டும். பெரிய தளங்களில் ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டு போக அவசியமும் இல்லை. தன் உச்சவரம்பு 1,500 என்று ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்தவர் 900 வரை வந்து நின்றால், விலை 900-ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும். அந்த வரம்பைப் பகலில், சாப்பிட்ட பிறகு முடிவு செய்வது நல்லது.

அடுத்தது அனுப்பும் கூலி. ஏல அண்ணாச்சியின் வீழ்ச்சி பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. ஒருவர் கடிகாரத்தை 150 ரூபாய்க்குப் போட்டு, அனுப்பும் கூலி 650 என்று அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். இன்னொருவர் அதே கடிகாரத்தை 550-க்குப் போட்டு, கூலி 80 என்பார். முதலாவது 800, இரண்டாவது 630. அண்ணாச்சி வாங்குவது முதலாவதை. 150 ரூபாய்க்கு எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே!

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. ஏலத் தளங்கள் விற்ற விலையில்தான் கமிஷன் எடுத்தன. விலையைக் குறைத்துக் கூலியை ஏற்றினால் கமிஷன் மிச்சம். பட்டியலிலும் மலிவான பொருளாக மேலே தெரியும். இதனால் 2011-இல் அமெரிக்க ஈபே, அனுப்பும் கூலிக்கும் சேர்த்துக் கமிஷன் போடத் தொடங்கியது. வாங்குபவருக்கு வேறொரு நஷ்டமும் இருந்தது. பொருளைத் திருப்பி அனுப்பினால் சில விற்பனையாளர்கள் விலையைத் தருவார்கள், கூலியைத் தரமாட்டார்கள். 800 ரூபாயில் 150 திரும்பி வந்தால் அதற்குப் பெயர் பணம் வாபஸ்!

கூலி எல்லாமே கொள்ளை என்றும் சொல்லிவிட முடியாது. கூரியர்காரர்கள் எடையோடு இடத்தையும் அளக்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. மர்பி ரேடியோவைத் தெர்மாகோலில் பொதிந்து 60, 40, 35 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 16.8 கிலோ என்று வரும். தராசில் அது எட்டு கிலோவாக இருந்தாலும் கட்ட வேண்டியது 16.8 கிலோவுக்கு, காற்றுக்கும் கூலி. ஆகவே பெரிய பொருளுக்குப் பெட்டி அளவைக் கேட்டு, அதே ஊரிலிருந்து லாரி பார்சல் சர்வீஸில் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு விலை கேட்பதே முறை. வெளிநாட்டுப் பொருளென்றால் இன்னொரு படி உண்டு: சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடப்படுகிறது. கூலி வீங்கினால் வரியும் வீங்கும்.

ரேடியோ வந்து இறங்கும் நாள் வீட்டில் முக்கியமானது. பெட்டியைப் பிரித்து, தெர்மாகோல் உருண்டைகள் மின்விசிறிக் காற்றில் கூடமெங்கும் பறந்து அடங்கிய பிறகு, வீட்டம்மா ஒரே கேள்வி கேட்பார்:

“பொட்டி பாடுமா, பாடாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“பாடும். வால்வு ஒண்ணுதான் வாங்கிப் போடணும்.”

“அதுவும் ஏலத்துலயா?”

இதற்கு அண்ணாச்சிகள் பதில் சொன்னதாகத் தகவல் இல்லை.

இதுவரை சொன்னது அதிக விலை. முழு மோசடி வேறு; அதில் சில வகைகள் அடிக்கடி வருகின்றன. முதலாவது ‘பட்டாளத்துக்காரர்’. பழைய புல்லட்டையோ காரையோ பாதி விலைக்குப் போட்டிருப்பார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும் அவசர மாற்றல் வந்துவிட்டதாகவும் சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவார். வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்களில் அந்தச் சீருடைக்கு மரியாதை அதிகம். வண்டி ராணுவப் பார்சலில் கிளம்பிவிட்டது, கூலி மட்டும் அனுப்புங்கள் என்பார். கூலிக்குப் பின் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு முன்பணம். அதற்குப் பின் ஜிஎஸ்டி. வண்டி மட்டும் வருவதில்லை. அனுப்பும் கூலியே பொருளாகவும், பொருள் வெறும் படமாகவும் மாறிய வியாபாரம் இது.

இரண்டாவது, அண்ணாச்சி விற்கப் போகும்போது நடப்பது. பழைய கட்டிலுக்கு விளம்பரம் கொடுத்த ஐந்தாவது நிமிடம் ஒருவர் பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டு, “இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்” என்பார். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ ரகசிய எண்ணும் வேண்டாம். அந்த எண்ணைத் தட்டினால் பணம் வெளியே போகிறது என்று பொருள். தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் கோடு அப்படியே இருக்கிறது. நெல்லையில் பேரம் பேசாமல் ஒருவர் பழைய கட்டில் வாங்குகிறார் என்பதே எச்சரிக்கைக்குப் போதுமானது.

மூன்றாவது, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, வைஷ்ணோ தேவி நாணயம், 786 எண் நோட்டு ஆகியவற்றுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரம். லட்சம் வருமுன் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்பார்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையுமே போட்டுக்கொண்டதால், தான் இத்தகைய வியாபாரம் செய்வதில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிக்க வேண்டியிருந்தது.

நான்காவது, எச்எம்டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய இக்கடிகாரத் தொழிலை மூட 2016-இல் அரசு முடிவு செய்தது; பழைய கடிகாரங்களுக்குக் கிராக்கி ஏறியது. பழைய முகப்பைச் சுரண்டிப் புதுச் சாயம் அடித்து, வேறு வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து விற்பது தனித் தொழிலாகிவிட்டது. ஐம்பது வயது முகப்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளவென்றிருந்தால், எழுத்து தடித்துக் கலங்கியிருந்தால், பின்மூடியைத் திறந்த படம் கேட்டதும் விற்பவர் கோபப்பட்டால், அது தேங்காயை ஆட்டிப் பார்த்ததற்குச் சமம்: உள்ளே தண்ணீர் இல்லை.

அடிபட்ட அண்ணாச்சிக்கு வழிகள் உண்டு. பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் அதை முடக்க வாய்ப்பிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் பெரிய இழப்பு. பொருள் மாறி வந்தால், கூலியை மறைத்து ஏற்றினால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அனுப்பும் செலவு, கையாளும் செலவு, வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையை, பிரித்தும் கூட்டியும் காட்ட வேண்டும். கடைசிப் படியில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதை 2023-இன் வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இதற்குச் சாட்சி வேண்டும்: பொருள் விளம்பரத்தின் படம், பேசிய செய்திகள், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ. தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பியவருக்குத் தளம் கைகொடுக்காது.

இவ்வளவும் பட்டுத் தெளிந்தவர் ‘தேறிய அண்ணாச்சி’ எனப்படுவார். அவர் அலமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: ஏல விலை, பார்சல் கூலி, வரி, ரிப்பேர், மொத்தம். எழுத்து வீட்டம்மாவுடையது. மொத்தம் எழுதத் தொடங்கிய அலமாரிகளில் புதுப் பொருள் சேர்வது பெரிதும் குறைந்துவிடுகிறது. பாடாத ரேடியோவின் சீட்டில் மட்டும் கடைசி வரி இன்னும் நிரப்பப்படவில்லை, வால்வு வரவில்லை.